மற்ற பற்களும் வந்துவிடும்

சபரீஷின் ஜாதகத்தோடு ஊர் ஊராகப் போய் வந்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். இதுவரை எந்தப் பெண் வீட்டாரும் அதைக் கவனித்ததில்லை. பெரும்பாலும் ஜாதகத்தோடு நின்றுவிடுவார்கள், போட்டோ வரைக்கும் வந்தவர்களே குறைவு. ஆனி மாதக் கடைசியில் பல்லடம் பக்கமிருந்து வந்த வரன்தான் முதன்முதலாகக் கேட்டது: சிரித்தமாதிரி ஒரு போட்டோ இருந்தால் அனுப்புங்கள். கேட்டது பெண்ணேதான் என்று தரகர் அழுத்திச் சொன்னார்.

சபரீஷுக்கு முப்பத்தைந்து வயது. சொந்தமாக வீட்டுமனை விற்கிற தொழில், துடியலூரில் வீடு, கார் எல்லாம் இருந்தது. இதெல்லாம் இருந்தும் பெண் கிடைக்காமல் இருப்பவர்கள் அவன் வாட்ஸப் குழுவில் மட்டும் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். இரண்டு பேர் அலுத்துப்போய்ப் பாலக்காட்டுப் பக்கம் பெண் எடுத்துவிட்டார்கள். இன்னொருவன் பெண் அமைவதற்கு முன்பே யூட்யூபில் மலையாளம் படித்துக்கொண்டிருந்தான். இந்த நிலைமையில் ஒரு பெண் தானாக ஒரு போட்டோ கேட்கிறாள் என்றால் அது சின்ன விஷயமில்லை. அதுவும் சிரிக்கச் சொல்கிறாள் என்றால், அவனைப் பொறுத்தவரை, பெரிய ஆபத்து.

ஏனென்றால் அவன் பற்கள் பழுப்பு. மஞ்சள் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாத பழுப்பு. முன்பற்களில் குறுக்காகக் கோடுகள், நடுநடுவே சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் போலத் திட்டுகள். பிறந்து வளர்ந்த ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அவன் பார்த்ததில்லை. அங்கே இருந்தவரை எல்லோருக்கும் அப்படித்தான் இருந்ததால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கோயமுத்தூர் வந்து சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களோடு கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் வாயை மூடக் கற்றுக்கொண்டான். கல்லூரியில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டான்.

போட்டோ எடுக்கப் போத்தனூரிலிருந்து அக்கா பிரவீனா வந்தாள்.

"சிரிடா."

"சிரிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

"அதுக்குப் பேரு சிரிப்பா? கொட்டாவியை அடக்கறவனாட்ட இருக்கற. பல்லைக் காட்டு."

காட்டினான். பிரவீனா கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். பிறகு விரலால் திரையை இரண்டு மூன்று முறை தேய்த்தாள். போட்டோவில் இருந்தவனுக்குப் பற்கள் பால் வெள்ளையாக மாறின. "இப்பப் பாரு கண்ணு, மாப்பிள்ளைக் களை வந்துருச்சு" என்றாள். சபரீஷ் நன்றாகப் பார்ப்பதற்குள் தரகருக்கு அனுப்பியும் விட்டாள்.

மறுநாளே பதில் வந்தது. போட்டோ பிடித்திருக்கிறதாம், ஜாதகமும் பொருந்திவிட்டதாம். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் பெண் பார்க்கிற பழக்கமில்லை, ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"நல்லதாப் போச்சு, ஒரு மாசம் இருக்குது. அதுக்குள்ள பல்லைப் போட்டோவாட்ட ஆக்கிப்போடு" என்றாள் பிரவீனா, தான் செய்ததில் பாதியை அவன் செய்தால் போதும் என்கிற தோரணையில்.

*

துடியலூர் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பேஸ்ட் அலமாரி ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. கடைக்காரர் ரிஃபத் சபரீஷுக்குப் பழக்கம். சபரீஷிடம் ஒரு சைட் வாங்கியவர்.

"ஏனுங்ணா, பல்லு வெள்ளையாகறதுக்கு எது நல்லாருக்குமுங்க?"

"வெள்ளையாகணுமா, வெள்ளையாத் தெரியணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"அப்படீன்னா மூணையும் எடுத்துக்கங்க" என்று ரிஃபத் வரிசையாக எடுத்து வைத்தார். "இது கரிப் பேஸ்ட்டு. எங்க தாத்தா கரியில பல்லு வெளக்கினப்பக் காட்டான்னு சிரிச்சவங்க பேரனெல்லாம் இப்ப க்யூவுல நின்னு வாங்கறாங்க. இது நீலம். வேட்டிக்கு நீலம் போடறோமுல்ல, அந்தக் கதைதான், பல்லு மேல படிஞ்சு கொஞ்ச நேரம் பளிச்சுன்னு காட்டும். இது பாக்கு, பீடி போடறவங்களுக்கு, கொஞ்சம் நறநறன்னு இருக்கும். அது கெடக்குது, நம்ம லேஅவுட்டுக்கு ரோடு எப்பங்க வருது?"

"வந்துருமுங்க."

"போன தீபாவளிக்கும் அதைத்தான் சொன்னீங்க."

"வேலை நடந்துட்டு இருக்குதுங்ணா. ஆபீசர் மாறிட்டாருங்க, அதான்."

மூன்று பேஸ்ட்டையும் வாங்கிக்கொண்டு காருக்கு வந்து, அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான். 'இரண்டே வாரங்களில் பளிச்சிடும் வெண்மை' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தைத் தேடிப்போனால் பெட்டியின் அடியில், மேற்பரப்புக் கறைகளுக்கு மட்டும், பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்று இருந்தது. அந்த நட்சத்திரம் அவனுக்கு அந்நியமில்லை. அவன் அடித்த நோட்டீஸிலும் 'ஏர்போர்ட்டுக்குப் பத்தே நிமிடம்' என்பதற்குப் பக்கத்தில் அதே நட்சத்திரம் உண்டு. அடியில், போக்குவரத்தைப் பொறுத்தது என்று இருக்கும். நட்சத்திரம் போட்டு விற்பவன் நட்சத்திரம் போட்டதை நம்பி வாங்க மாட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சபரீஷ் வாங்கினான்.

முதல் வாரம் உண்மையாகவே ஏதோ நடந்தது. கல்லூரியை விட்டபின் சரவணம்பட்டியில் ஒரு கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, அதையும் பாதியில் விட்டவன் அவன். அந்த வருடங்களில் விழித்திருப்பதற்காகக் குடித்த டீயெல்லாம் பற்களின் இடுக்கில் கறுப்பாகப் படிந்திருந்தது. அது போய்விட்டது. கண்ணாடி முன் நின்று, முதல் வாரமே இவ்வளவு என்றால் நாலு வாரத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டான். லேஅவுட்டில் முதல் சைட் சுலபமாக விற்றுவிட்டால் மீதியெல்லாம் அப்படியே போய்விடும் என்று நினைப்பதும் இதே கணக்குதான்.

*

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற பேனர்களையெல்லாம் ஒரு ஆட்டு ஆட்டியது. சபரீஷின் பேனரும் கிழிந்து தொங்கியது. அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்வெளியில் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்குப் பின்னால் 'வரவிருக்கும் நாற்பதடி சாலை' அகலமாகப் போகும். நேரில் அந்த இடத்தில் எருக்கஞ்செடியும் ஒரு வண்டித்தடமும்தான் இருந்தது.

பேனர் கட்ட ஆள் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறோம் என்றார்கள். அன்று சாயங்காலம் சைட் பார்க்க ஒரு பார்ட்டி வரவேண்டியிருந்தது. சாலை நேரிலும் இல்லாமல் பேனரிலும் இல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று அவனே ஏணி வைத்து ஏறினான். ஒரு கையில் இரும்புக் குழாய், மறு கையில் படபடக்கிற பேனர். நைலான் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட மூன்றாவது கை இல்லாததால் பல்லால் கடித்து இழுத்தான். காற்று எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தது. மேல் வரிசையில் முன்பல் பாதியாக உடைந்து புல்வெளிக் குடும்பத்தின் மேல் போய் விழுந்தது.

டாக்டர் சாயிரா பானுவின் கிளினிக் ரயில்வே கேட் பக்கம் இருந்தது. வேர் சிகிச்சை செய்து, மிச்சப் பல்லின் மேல் உறைபோல ஒரு கேப் போட வேண்டும் என்றார். அடுத்த முறை போனபோது, வெள்ளையிலிருந்து பழுப்பு வரை பொய்ப்பற்களை வரிசையாகக் கோத்த ஒரு பட்டையை எடுத்து அவன் பல்லருகே வைத்துப் பார்த்தார்.

"உங்க நிறத்துக்குப் பக்கத்துல வர்றது இந்தக் கடைசிதாங்க. இதுமேல லேப்ல கொஞ்சம் பழுப்பு தீட்டிக் குடுக்கச் சொன்னா மத்ததோட சேர்ந்துரும்."

"அந்தக் கோடியில இருக்கற வெள்ளைங்க?"

"அது சினிமாவுல நடிக்கறவங்க கேக்கறது."

"அதையே போட்டுருங்க டாக்டர்."

"ஒண்ணு மட்டும் தனியாத் தெரியுமேங்க."

"மத்ததெல்லாம் வந்துருமுங்க."

"எங்கிருந்து?"

பேஸ்ட் கதையைச் சொன்னான். டாக்டர் பட்டையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"நான் சொல்றதைக் கேளுங்க. எந்தப் பேஸ்ட்டா இருந்தாலும் மேல ஒட்டின கறையைத்தான் எடுக்கும். டீ, காபி, பாக்கு. அது உங்களுக்கு எடுத்தாச்சு, இனிமே எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இப்ப இருக்கற பழுப்பு சின்ன வயசுல குடிச்ச தண்ணியில இருந்த ஃப்ளோரைடு. பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே அதோட கலந்து உருவாயிருக்குது. செங்கல்லைக் கழுவி வெள்ளையாக்க முடியுமா? அதே மாதிரி. கேப் போடறோம் பாருங்க, அதுவும் எந்தப் பேஸ்ட்டுக்கும் மாறாது. இன்னிக்கு என்ன நிறம் சொல்றீங்களோ அதேதான் கடைசி வரைக்கும்."

"சரிங்க டாக்டர்" என்று சபரீஷ் தலையாட்டினான். வில்லங்கச் சான்றிதழ் பற்றி அவன் விளக்கும்போது அவனிடம் சைட் வாங்க வருகிறவர்கள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி. மனதுக்குள் வேறு ஓடியது. ரோடு வந்த பிறகு சைட் வாங்குகிறவன் பிழைக்கத் தெரியாதவன். வருவதற்கு முன்னால் வாங்கிப் போடுகிறவனுக்குத்தான் லாபம். அவன் முதன்முதலில் வாங்கிய சைட் அப்படித்தான் அவனை இந்தத் தொழிலுக்குள் இழுத்துவந்தது. எல்லாப் பல்லும் வெளுத்த பிறகு ஒன்று மட்டும் பழுப்பாக நின்றால் என்ன செய்வது?

"வெள்ளையே இருக்கட்டுமுங்க" என்றான்.

"அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதீங்க" என்றார் டாக்டர்.

*

கேப் வந்தது. அழகான பல். குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் போல வழவழப்பாக, துல்லியமான வெள்ளை. மற்ற பற்கள் அதற்கு இரண்டு பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தன. பிரவீனா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஏண்டா, பாழடைஞ்ச ஊட்டுல ஒரு ரூமுக்கு மட்டும் லைட்டுப் போட்டாட்ட இருக்குது" என்றாள்.

"மத்ததும் வந்துரும்."

"எப்ப?"

அவன் வேகத்தைக் கூட்டினான். காலையில் கரி, மத்தியானம் நறநறப்பு, ராத்திரி நீலம். கரி ஈறுகளின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பல்லை இன்னும் அழுக்காகக் காட்டியது. நீலம் பூசிய அரைமணி நேரம் கண்ணாடியில் பார்க்கச் சுமாராக இருந்தது, ஒரு டீ குடித்ததும் போய்விட்டது. நறநறப்பு ஒரு காரியம் செய்தது: பச்சைத் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுளீர் என்றது. ஆடிப் பதினெட்டுக்கு அக்கா வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிற சந்தோஷம் என்று அத்தான் நினைத்துக்கொண்டார்.

ஆவணி பிறப்பதற்கு முன் மறுபடி டாக்டரிடம் போனான். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றினார்.

"தரை தேய்க்கற மாதிரி தேய்ச்சிருக்கீங்க. மேல் பூச்சு தேஞ்சு போச்சுன்னா திரும்பி வளராதுங்க. அது தேயத் தேய உள்ள இருக்கற மஞ்சள்தான் வெளிய வரும். வெள்ளையாக்கப் போயி அதுக்கு எதிர்ப்பக்கம் நடந்துட்டு இருக்கீங்க."

"வேற வழி இல்லீங்களா?"

"ப்ளீச் பண்ணிப் பார்க்கலாம். மாசக்கணக்காகும், திட்டுத்திட்டாத்தான் வெளுக்கும், இவ்வளவுதான் வரும்னு நான் உறுதி குடுக்க மாட்டேன். அப்பவும் அந்தக் கேப்புக்குச் சமமா வராது."

உறுதி குடுக்க மாட்டேன் என்று ஒரு ஆள் முகத்துக்கு நேராகச் சொல்லி அவன் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவன் தொழிலில் அந்த வார்த்தை கிடையாது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கேப்பையாவது மாத்த முடியுங்களா?"

"ஈறெல்லாம் வீங்கிக் கெடக்குது. ஆறட்டும். சாதாரணப் பேஸ்ட்டு, மெதுவான பிரஷ். போயிட்டு வாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் ஒரு பேக்கரியில் காரை நிறுத்தி, கை கழுவுகிற இடத்தில் நின்று கடைசியாக ஒருமுறை நீலத்தைப் பூசிக்கொண்டான். பக்கத்தில் பப்ஸ் சாப்பிட்டுக் கை கழுவ வந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றார். "வாயைத் தொறக்காத. கேட்டா ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான்" என்று பிரவீனா பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

பெண் வீடு ஊருக்குத் தெற்கே, கறிக்கோழிப் பண்ணைக்குப் பக்கத்தில். வாசலிலேயே பெண்ணின் அப்பா சுப்பண்ணன் நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க மாப்ள, வாம்மணி" என்று அவர் வாய் நிறையச் சிரித்தார்.

சபரீஷ் காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டான். அவர் பற்கள் பழுப்பு. அவனுடையதைவிட அடர்ந்த பழுப்பு, வெல்லத்தின் நிறம். உள்ளே போனால் பெண்ணின் அம்மா குழந்தையம்மாளுக்கும் அதே கோடுகள். சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியப்பா, மாமா, எதிர்வீட்டுக்காரர், எல்லோருக்கும் அதே. பிரவீனா தண்ணீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஒரு மாதமாகத் தேய்த்துக்கொண்டிருந்ததை இந்த வீட்டில் யாரும் கறை என்று நினைக்கவே மாட்டார்கள்.

அவர்கள் கவனித்தது வேறு. காபியை உறிஞ்சும்போது அவன் உதடு கொஞ்சம் விலகியது, குழந்தையம்மாள் அதையே பார்த்தார். எழுந்து உள்ளே போனார், சுப்பண்ணனைக் கூப்பிட்டார். திரும்பி வந்த சுப்பண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. அந்த முன்னாடிப் பல்லு ஒண்ணு... பொய்ப்பல்லுங்களா?"

"ஆமாங்க."

"நெசப்பல்லு என்னங்க ஆச்சு?"

"ஒடஞ்சு போச்சுங்க."

"அடிதடி கிடிதடி ஏதாச்சும்..."

"இல்லீங்க."

"ராவுல வண்டியில வாரப்ப உழுந்துட்டீங்களா? நம்ம மச்சான் பையன் ஒருத்தன் அப்படித்தான், குடிச்சுப்போட்டு வந்து..."

"அய்யோ, தம்பி அதெல்லாம் தொடறதே இல்லீங்க" என்று பிரவீனா பதறினாள்.

"பேனரு கட்டறப்பக் கயித்தைக் கடிச்சனுங்க" என்றான் சபரீஷ்.

சோபாவில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் வைத்திருக்கிற மாப்பிள்ளை ஏணியில் ஏறிக் கயிற்றைக் கடித்தான் என்பதைவிடக் குடித்துவிட்டு விழுந்தான் என்பதுதான் அவர்களுக்கு நம்பும்படியாக இருந்தது. பெரியப்பா போனை எடுத்துப் போட்டோவைப் பார்த்தார். "இதுல அத்தனை பல்லும் வெள்ளையா இருக்குதுங்களே?"

"அது புதுப் போனுங்க. அதுவாப் பண்ணிப்போடுதுங்க" என்றாள் பிரவீனா.

சமையலறை வாசலில் நின்றிருந்த பெண் சிரித்துவிட்டாள். சைதன்யா. சிவில் படித்தவள், வீட்டுக் கடன் கேட்டு வருகிற சைட்டுகளை வங்கிக்காக நேரில் போய் மதிப்புப் போடுகிற வேலை. கோயமுத்தூரில் சித்தி வீட்டில் வளர்ந்தவள் என்பதை வெள்ளைப் பற்கள் சொல்லின.

"நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள். "அந்த வெள்ளை நிறத்தை டாக்டர் குடுத்தாங்களா, நீங்களாக் கேட்டு வாங்குனீங்களா?"

ஆமாங்க, இல்லீங்க இரண்டில் எதுவும் பொருந்தாத கேள்வி.

"நானாக் கேட்டனுங்க."

"ஏனுங்க?"

பிரவீனா அவன் காலை மிதித்தாள். அவனுக்குப் பொய் ஒன்றும் வரவில்லை. ஈறு வலித்தது.

"மத்ததெல்லாம் அதுக்கு வந்துருமுன்னு நெனச்சனுங்க."

முதலில் எதிர்வீட்டுக்காரர் குலுங்கினார். பிறகு சுப்பண்ணன், பெரியப்பா, குழந்தையம்மாள். பழுப்புப் பற்கள் அத்தனையும் வெளியே வந்து அந்தக் கூடம் முழுக்கச் சிரித்தது. "நம்மூருத் தண்ணி மாப்ள, அது எங்கீங்க போவும்?" என்று சுப்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபரீஷும் சிரித்தான், வாயை மூட மறந்து.

சைதன்யா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க லேஅவுட்டுக்கு நான் வந்திருக்கேனுங்க. பேனர்ல நாற்பதடி ரோடு. நேர்ல நான் வந்த ஸ்கூட்டரே எருக்கஞ்செடியில மாட்டிக்கிச்சு. வரப்போற ரோட்டுக்கு நாங்க மதிப்புப் போட மாட்டோமுங்க. இருக்கறதுக்கு மட்டும்தான்."

"சிரிச்ச போட்டோ எதுக்குங்க கேட்டீங்க?" என்று அவன் கேட்டான். ஒரு மாதமாக உள்ளே கிடந்த கேள்வி. "பல்லைப் பாக்கத்தானுங்களே?"

"பல்லா? மொதல்ல வந்த போட்டோ கண்ணீர் அஞ்சலி பேனர்ல போடறதாட்ட இருந்துச்சுங்க. உசுரோட இருக்கறீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

*

புதன்கிழமை அவளே நேரடியாக மெசேஜ் அனுப்பினாள். 'எனக்குச் சம்மதம்ங்க. அம்மாவுக்குத்தான் அந்த ஒரு பல் உறுத்துது, பார்க்கிறவங்க எல்லாம் குடின்னு பேசுவாங்களாம். அதை மாத்திருங்க. நிச்சயத்துக்கு முன்னாடி பேனர்ல இருக்கிற ரோட்டையும் எடுத்திருங்க. பல் அம்மாவோட நிபந்தனை. ரோடு என்னோடது.'

முதல் நிபந்தனை சுலபம் என்று நினைத்துக்கொண்டு சபரீஷ் கிளினிக்குக்குப் போனான்.

"நல்லா இருக்கற கேப்பை உடைச்செடுத்துட்டு, பழுப்பா ஒண்ணு வேணும்?" என்றார் சாயிரா பானு.

"ஆமாங்க டாக்டர். கோடும் வேணுமுங்க. குறுக்கால, மத்ததுல இருக்கறாட்ட."

"அதுக்கு லேப்ல ஆளு உட்கார்ந்து கையால தீட்டணும். சாதாரண வெள்ளையை விடக் கூட ஆகும், பரவால்லியா?"

பரவாயில்லை என்றான். டாக்டர் பட்டையை எடுத்து வைத்தார். அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பழுப்பைத் தேர்ந்தெடுத்தான். பேஸ்ட் வாங்கியபோதுகூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. "இது கொஞ்சம் வெளுப்பா இருக்குதுங்க" என்றான். "இன்னும் ஒரு சுத்துக் கருப்பாக் கிடைக்குங்களா? இடது ஓரத்துல ஒரு சுண்ணாம்புத் திட்டு வெக்கச் சொல்லுங்க."

டாக்டர் இன்னொரு பட்டையைத் தேடி உள்ளே போனபோது அவன் போன் அடித்தது. ஆடியில் சைட் பார்த்துவிட்டுப் போன பார்ட்டி. அட்வான்ஸ் கொடுக்கிற நிலைமையில் இருந்தவர்.

"சபரீஷுங்களா? ஊட்டுல சம்மதிச்சுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த நாற்பதடி ரோடு எப்பங்க வரும்?"

வந்துருமுங்க என்கிற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்து, வெள்ளைப் பல்லில் முட்டி நின்றது. கண்ணாடியில் அந்தப் பல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு இல்லீங்க" என்றான். "வருமான்னும் தெரியலீங்க. உறுதி குடுக்க மாட்டேன்."

"அப்ப யோசிச்சுச் சொல்றனுங்க" என்று போன் வைக்கப்பட்டது. யோசிப்பவர்கள் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

போனை மடியில் போட்டுவிட்டு அப்படியே திறந்த வாயோடு சாய்ந்திருந்தான். டாக்டர் பட்டையோடு திரும்பி வந்தவர் நின்று பார்த்தார்.

"வாயை மூடுங்க, கொஞ்ச நேரம் எச்சில்ல ஊறட்டும். காத்துப் பட்டுக் காஞ்சா பல்லு வெள்ளையாத் தெரியும். நிறம் தப்பாயிரும்."

சபரீஷ் அவசரமாகக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். உண்மைதான். மூன்று பேஸ்ட்டும் ஒரு மாதமும் செய்யாததை வாயைத் திறந்து வைத்திருந்த இந்தக் கொஞ்ச நேரம் செய்திருந்தது. எல்லாப் பற்களும் ஒரு சுற்று வெளுத்து, கேப்பை நோக்கி வந்துகொண்டிருந்தன.

வாயை மூடிக்கொண்டான்.